ஆட்டுப்பாறையில் ஐந்து சங்கிலி

"இதுக்கு மேல தப்பாது முதலாளி" என்று சொல்லிவிட்டு செல்வராசு சாக்கட்டியைக் கீழே வைத்தான்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வராந்தா அது. வெளியே நூல் நூலாக மழை. உள்ளே வெக்கையில் காய் வேகிற மணம், தலை வலிக்கிற அளவுக்கு. ஸ்டோரின் மரக்கதவில் மூன்று வரி கணக்கு எழுதியிருந்தான். கடைசியில் "4 அடி" என்று போட்டு, அதன் தலைக்கு மேல் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தான். அந்தக் கோட்டைத் தாண்டி எதுவும் ஏறாது என்பது போல.

இரண்டு முதலாளிகளும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணோரம் நின்றேன். தோளில் அளவுச் சங்கிலி. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்து செருப்புக்குள் பிசுபிசுத்தது. மூன்று நாள் மலையில் ஏறி இறங்கி அளந்தவன் நான். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

போடிமெட்டு ஜீப்புகளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லாரையும் நல்லவிதமாகவே எழுதுகிறீர்களே, உங்களுக்கு யாரைப் பார்த்தும் வயிறு எரிந்ததில்லையா?"

எரிந்திருக்கிறது அம்மா. ஒரே ஒரு ஆளைப் பார்த்து. அவன் இவன்தான்.

ஒரே பெஞ்சு

செல்வராசு என் தாய்மாமன் மகன். நான் சிலமலை, அவன் ராசிங்காபுரம். போடியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எனக்கு அவன் மாப்ளே, அவனுக்கு நான் மாப்ளே.

கணக்கில் நான்தான் முதல். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றது புரியாது. பரீட்சையில் என் முழங்கை நகர்ந்தால்தான் அவனுக்கு விடை தெரியும். நகர்த்திக் கொடுப்பேன்.

பதினோராம் வகுப்பு முடிந்ததும் மாமா அவனை மதுரையில் கல்லூரிக்கு அனுப்பினார். எங்கள் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நமக்கு எதுக்கப்பு அதெல்லாம்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு எப்போதும் பேச்சு வராது. அந்த வருஷமே மலையேறி எஸ்டேட்டில் சங்கிலி இழுக்கப் போனேன்.

லீவுக்கு அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒருமுறை திறந்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது, எண்கள் தெரிந்தன, இரண்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று தெரியவில்லை. புத்தகத்தை இருந்த மாதிரியே வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா வேறு. "செல்வராசு எப்படிப் பேசுறான் பாரு, பட்டணத்துப் பிள்ளை கணக்கா" என்பார். அவன் பேசியதெல்லாம் பஸ்சு எத்தனை மணிக்கு என்றுதான்.

இருநூறால் வகு

மலையை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சங்கிலியைச் சரிவிலேதான் போட முடியும். பத்திரத்தில் எழுதுவதோ சமதள நீளம். ஆகாயத்திலிருந்து நேர்க்கீழே பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. அது எப்போதும் சரிவு நீளத்தைவிடக் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு என்று கழிக்க வேண்டும்.

நூறடிச் சங்கிலி வந்த பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் இருந்த வழி இது. சங்கிலியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை அடி ஏற்றம் என்று பார். அதை அதாலேயே பெருக்கு. இருநூறால் வகு. வந்ததை நூறிலிருந்து கழி.

ஏற்றம் இருபது அடி என்றால், இருபது இருபது நானூறு. இருநூறால் வகுத்தால் இரண்டு. சமதளம் தொண்ணூற்றெட்டு. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். மழையில், வழுக்குப் பாறையில், ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு போடலாம். எட்டு வருஷம் அதை வைத்துத்தான் அளந்தேன். என்னைவிட வெரசாக அளக்க அந்த மலையில் ஆள் கிடையாது.

மேஸ்திரியின் கயிறு

ஆனால் அந்த வழியில் ஒரு கோளாறு இருப்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டோர் கட்டும்போது மூலை பிடிக்க மேஸ்திரி கயிற்றில் முடிச்சுப் போட்டார். ஆறு அடி ஒரு பக்கம், எட்டு அடி ஒரு பக்கம், குறுக்கே பத்து அடி. மூலை நறுக்கென்று நின்றது. சும்மா இருந்த நான் அதைப் பத்து மடங்காக்கி என் வழியைப் போட்டுப் பார்த்தேன். நூறடிச் சரிவுக்கு அறுபது அடி ஏற்றம். அறுபது அறுபது மூவாயிரத்து அறுநூறு, வகுத்தால் பதினெட்டு. சமதளம் எண்பத்திரண்டு. மேஸ்திரியின் கயிறோ எண்பது என்றது.

"மேஸ்திரி, எட்டு இல்ல, எட்டேகாலுக்குக் கொஞ்சம் குறைச்சலா வரணுமே" என்றேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உன் கணக்குல கட்டுனா சுவரு கோணிக்கிட்டு நிக்கும். அதுல நீதான் குடியிருக்கணும், அப்பு."

சித்தாள்கள் சிரித்தார்கள். நான் காது சூடாக வந்துவிட்டேன். அன்று ராத்திரி வர்க்கமூலம் போட்டுப் பார்த்தேன். மேஸ்திரிதான் சரி. ஏற்றம் முப்பது வரைக்கும் தாளில் இருந்த வழி ஏறக்குறைய பொருந்தியது. அதற்கு மேல் ஏற ஏறப் பிசகியது. ஏன் என்று தெரியவில்லை. எவ்வளவு பிசகும் என்று மொத்தமாகச் சொல்லவும் தெரியவில்லை. மலையில் பெரும்பாலும் முப்பதுக்குள்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழு அடி

பிறகு இரண்டு முதலாளிகளும் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி. ரோட்டோர எல்லைக்கல்லிலிருந்து மேலே இத்தனை அடி சின்ன முதலாளிக்கு, அதற்கு மேலே உள்ளது பெரிய முதலாளிக்கு என்று பத்திரம்.

நான் கல்லிலிருந்து மேலே அளந்துகொண்டு போனேன். ஏறக்குறைய முப்பது சங்கிலி. நடுவே ஆட்டுப்பாறை வந்தது. ஆடுகூட யோசித்து ஏறுகிற இடம். அங்கே ஐந்து சங்கிலிக்கும் ஏற்றம் அறுபது. அளவுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினேன்: அறுபது, அறுபது, அறுபது, அறுபது, அறுபது. எழுதும்போதே மேஸ்திரியின் கயிறு ஞாபகம் வந்தது. சாயந்திரத்துக்குள் முளை அடித்துவிட வேண்டும் என்று பெரிய முதலாளி சொல்லியிருந்தார். பழைய வழியிலேயே கழித்துக்கொண்டு போய் முளையை அடித்தேன்.

முளைக்கு ஏழு அடி மேலே, அந்தப் பக்கம் ஊற்று இருந்தது.

பாறை இடுக்கில் கோடையிலும் நிற்காத தண்ணீர். சின்ன முதலாளியின் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அதுதான் குடிதண்ணீர். என் முளைப்படி அது இனிப் பெரிய முதலாளிக்கு.

அதனால்தான் அந்த வராந்தாக் கூட்டம். சின்ன முதலாளி என்னைக் கேட்டார். "ஏழு அடிதானப்பா தள்ளியிருக்கு. நீ அளந்ததுல ஏழு அடி தப்பியிருந்தா?"

"தப்பாதுங்க."

"எப்படிச் சொல்ற?"

"எட்டு வருசமா அளக்குறேன்" என்றேன்.

"எட்டு வருசமா தப்பா அளந்திருந்தா?" என்றார் அவர். வராந்தா ஓரம் நின்ற ஜீப் டிரைவர் சிரித்தான்.

அந்த நேரத்தில்தான் செல்வராசு டீ கிளாசோடு முன்னால் வந்தான். படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். எஸ்டேட்டில் அளவுக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை காலியாக இருந்தது. கேட்க வந்திருந்தான். எட்டு வருஷமாக நான் கேட்க நினைத்து வாய் வராமல் இருந்த வேலை அது.

"நான் சொல்லட்டுமா முதலாளி?"

இருப்பதிலேயே மோசமான இடம்

அவன் சொன்னது இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருப்பதும் பொறாமையால்தான்.

"மாப்ளே கழிக்கிறது சரியான வழிதான். ஆனா அது முழுசு இல்ல. இருநூறால வகுத்துக் கழிச்சதுக்கு அப்புறம் இன்னொரு சின்னக் கழிவு இருக்கு. அதுக்கப்புறம் அதைவிடச் சின்னது ஒண்ணு. இப்படி முடியாமப் போய்க்கிட்டே இருக்கும். நாம ஒரு இடத்துல நிறுத்திக்கிறோம்." டெய்லர் என்று ஒரு வெள்ளைக்காரர் பெயரைச் சொன்னான்.

"அப்ப நிறுத்துனதுக்கு அப்புறம் இருக்கிற மிச்சம்?" என்றார் சின்ன முதலாளி.

"மிச்சம் சரியா எவ்வளவுன்னு தேட வேண்டியதில்ல முதலாளி. இதுக்கு மேல போகாதுன்னு ஒரு கோடு போட்டாப் போதும். அந்தக் கோடு ஏழு அடிக்குக் கீழ நின்னா ஊத்து அண்ணனுக்கு. மேல போனா திரும்ப அளக்கணும்."

"கோடு போட என்ன வேணும்?"

"ஒரே ஒரு எண்ணு. இருக்கிறதிலேயே மோசமான இடம். அங்க தப்பு எவ்வளவோ, எல்லாச் சங்கிலிக்கும் அவ்வளவுன்னு வச்சுக்கிட்டா, நிஜத் தப்பு அதைத் தாண்டாது."

எனக்கு அப்போது பொறி தட்டியது. எட்டு வருஷமாக என் கையில் இருந்த கணக்குக்கு எல்லை எங்கே என்று இவன் நின்றபடி சொல்கிறான். நான் விடைதான் சொன்னேன். விடை எவ்வளவு தப்பலாம் என்று இவன் சொல்கிறான். முழங்கை நகர்ந்தால் எழுதியவன்.

என் பக்கம் திரும்பினான். "மாப்ளே, நூறடிக்கு இருக்கிறதிலேயே பெரிய ஏத்தம் எவ்வளவு வந்துச்சு?"

புத்தகம் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அதன் அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"முப்பது" என்றேன்.

"புத்தகத்தைப் பார்க்கட்டுமா?" என்றார் பெரிய முதலாளி.

"வேணாம் முதலாளி. இவன் சொன்னாச் சரியா இருக்கும். பள்ளிக்கூடத்துல இவன் தாளைப் பார்த்துத்தான் நான் பாஸ் பண்ணேன்" என்றான் செல்வராசு. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு கதவில் எழுதினான். முப்பது அடி ஏற்றத்துக்குச் சங்கிலி ஒன்றுக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தப்பாது. முப்பது சங்கிலிக்கு நாற்பத்தைந்து அங்குலம். நாலு அடிக்குள். கோடு போட்டான்.

சின்ன முதலாளி எழுந்து, "அப்ப அண்ணன் எடுத்துக்கட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நான் என்ன நினைத்தேன் என்றால், நாளைக்கோ மறுநாளோ யாராவது திரும்ப அளப்பார்கள். அந்தக் கோடு உடையும். இவன் முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம்.

யாரும் அளக்கவில்லை. கோடு அவ்வளவு நன்றாக இருந்தது. கல்கால் ஊன்றி முள்கம்பி கட்டினார்கள். "இப்படி ஒருத்தன்தான் வேணும்" என்று பெரிய முதலாளி அந்த வாரமே செல்வராசுவுக்கு ரைட்டர் வேலை கொடுத்தார். கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. பச்சைத் துணி விரித்த மேஜை. நான் அவனுக்குப் பின்னால் சங்கிலி தூக்கிக்கொண்டு நடந்தேன். அவனைக் கீழே தள்ள நான் வைத்த கை, அவனைத் தூக்கி மேலே உட்கார வைத்திருந்தது. இறக்க வேண்டுமென்றால் என் பொய்யை நானே சொல்ல வேண்டும்.

பேச்சியம்மாளின் குடம்

கோடை வந்தது. லயத்துப் பெண்கள் தண்ணீருக்குக் கீழே ஓடைக்கு இறங்கி ஏற வேண்டியிருந்தது. மலையில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். பாதிப் பேச்சு மலையாளம்.

பேச்சியம்மாள் என்று காய் எடுக்கிற பெண். வாய்த்துடுக்கு. என்னைப் பார்த்தாலே ஏதாவது சொல்வாள். "அளவுக்கார அண்ணே, ஒங்க சங்கிலிக்குத் தாகமே எடுக்காதா?"

நான் வேகமாக நடந்துவிடுவேன்.

ஒருநாள் அவள் வழியில் உட்கார்ந்திருந்தாள். குடம் உருண்டு பாறையில் நசுங்கிக் கிடந்தது. இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

"மூணாவது நடை அண்ணே. மூணாவது நடையில கொட்டிருச்சு" என்றாள். பிறகு முள்கம்பிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். ஊற்றுத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. "ரைட்டர் கணக்குப் போட்டுச் சொன்னாராம்ல, நாலு அடிக்கு மேல தப்பாதுன்னு. ஏழு அடி. எட்டுனாத் தொட்டுரலாம் போல இருக்கு."

நான் அவள் முழங்காலைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை ஒரு சோலி இருக்கு. அளவு நாடாவோட ஒரு முனையைப் பிடிப்பியா?" என்றேன்.

நானூறு

செங்குத்தான இடத்தில் கழிவே போடாமல் அளக்க ஒரு வழி உண்டு. படிப்படியாக அளப்பது. நாடாவை ஐந்தைந்து அடியாக மட்டமாகப் பிடிக்க வேண்டும். முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடுகிற இடத்திலிருந்து அடுத்த ஐந்து. நேரமாகும், அதனால் யாரும் செய்வதில்லை.

ஆட்டுப்பாறையில் மேலிருந்து கீழே இறங்கினோம். பேச்சியம்மாள் மேல் முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தாள். நான் கீழே நெஞ்சு மட்டத்தில் நாடாவை இழுத்துக் குண்டை விட்டேன். காட்டு எலுமிச்சை வாசம். பாறை சுட்டது. அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணினாள்.

எண்பதாவது குண்டு, நான் முன்பு அளக்கும்போது பாறையடியில் பெயிண்டால் வைத்த குறியில் விழுந்தது. எண்பது ஐந்து நானூறு. என் புத்தகத்தில் அந்த ஐந்து சங்கிலிக்கும் ஐந்து எண்பத்திரண்டு, நானூற்றுப் பத்து.

"என்னண்ணே, கூடவா குறைச்சலா?"

"பத்து அடி கூட எழுதிட்டேன். அதனால பத்து அடி கீழயே முளை அடிச்சிருக்கேன்."

"யாருக்கு நட்டம்?"

"ஒங்க முதலாளிக்கு. ஒங்களுக்கு."

அவள் கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ பார்த்தாள். பத்தில் ஏழு போகுமா என்று பார்த்திருப்பாள். பிறகு நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "வெரசாப் போய்ச் சொல்லுங்க. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

ஆமா

செல்வராசு அறையில் தனியாக இருந்தான். புத்தகத்தை மேஜையில் வைத்தேன். முதல் தடவையாக அதை அவன் திறந்தான். விரல் வரிசையாக இறங்கி ஆட்டுப்பாறையில் நின்றது. ஐந்து அறுபது.

ஓரத்தில் பென்சிலால் எண்பத்திரண்டு என்று எழுதினான். கீழே எண்பது என்று எழுதினான். அவ்வளவுதான்.

"நீ முப்பதுன்னு சொன்னே."

நான் பச்சைத் துணியின் ஓரத்தைப் பார்த்தேன்.

நிமிர்ந்து பார்த்தான். "மறந்துட்டியா மாப்ளே?"

"ஆமா" என்றேன்.

இன்னும் கொஞ்சம் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடினான். "மோசமான இடம் எதுன்னு கேட்டுட்டு, அதைக் கண்ணால பார்க்காமக் கோடு போட்டேன் பாரு. தப்பு என்னோடது."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பங்களாவுக்குப் போனான். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவன் குரல் கேட்டது. என் பெயர் வருமா என்று காது கொடுத்தேன். வரவில்லை. "என் கோடு தப்பு முதலாளி. ஊத்து சின்ன முதலாளியோடது" என்றான். பெரிய முதலாளி கத்தினார். ஊற்றை இழப்பது அவர்தானே.

கல்காலைப் பிடுங்கி மேலே தள்ளி நட்டார்கள். அந்த வாரக் கடைசியில் செல்வராசு வேலையை விட்டு, டிரங்குப் பெட்டியோடு ஏலக்காய் லோடு ஜீப்பில் ஏறி மலையிறங்கினான். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பும்போது கையாட்டினான்.

மறுநாள் பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தப்பைக் கண்டுபிடிச்சது நீதானாம்ல. அவனே சொல்லிட்டுத்தான் போனான். நாளையிலிருந்து நீ ரைட்டர்."

பச்சைத் துணி விரித்த மேஜையில் போய் உட்கார்ந்தேன். நான் ஆசைப்பட்ட நாற்காலி. அவன் கொடுத்துவிட்டுப் போனது. அதற்காக அவனைப் பார்த்து நான் எப்படிப் பொறாமைப்பட்டேன் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கணக்குக்காகப் பட்டதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஒரு தப்பைத் தன்னுடையது என்று சொல்லிச் சட்டை மாட்டிக்கொண்டு நடக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது? எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆகியிருக்கிறது.

இன்றும் எந்த நிலத்தை அளந்தாலும், புத்தகத்தில் முதல் பக்கத்தின் உச்சியில் மிகச் செங்குத்தான இடத்தின் ஏற்றத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். சங்கிலி பிடிக்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பழக்கம் என்பேன்.

செல்வராசு இப்போது கோயம்புத்தூரில் கணக்கு வாத்தியார். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். பஸ்சு எத்தனை மணிக்கு என்று பேசிக்கொள்வோம். அவன் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம். என் பகுதி வந்தால் முதலில் அதைத்தான் படிக்கிறான் என்று அவன் மனைவி சொன்னார்.

மாப்ளே, நான் மறக்கவில்லை. நீ கேட்டபோது புத்தகம் என் சட்டைக்குள்தான் இருந்தது. ஐந்து சங்கிலிக்கும் அறுபது.